இருநூற்றுப் பதின்மூன்று கிலோமீட்டர்

உலாயு என்னை 'அப்பா' என்றுதான் கூப்பிடுவாள். நான் அவளைவிடப் பதின்மூன்று வயது இளையவன். அவளுடைய அப்பா அகாவாக் இறந்த வருஷம் நான் பிறந்தேன். அவர் பெயரை எனக்கு வைத்தார்கள். பெயரோடு அந்த உறவும் வந்து சேர்ந்தது. நானும் அவளை 'மகளே' என்றுதான் கூப்பிடுவேன். தெற்கிலிருந்து வருகிற விமானிகள் இதைக் கேட்டுவிட்டு எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பார்கள்.

வடகோடிப் பனிக்கடல் ஓரம் இருக்கும் எங்கள் ஊர் கிங்கைட். அதன் விமான நிலையத்தில் இருபத்து மூன்று வருஷம் சேர்ந்து வேலை பார்த்தோம். நிலையம் என்றால் ஒரு நீலக் கட்டடமும் ஒரு சரளைக்கல் ஓடுபாதையும்தான். ஓடுபாதையில் பனியை வழித்துத் தள்ளும் வண்டி என்னுடையது. உள்ளே ரேடியோ உலாயுவுடையது. மணிக்கு ஒரு தடவை வெளியே வந்து நிற்பாள். காற்று எந்தப் பக்கம், மேகம் எவ்வளவு உயரம், கண்ணுக்கு எவ்வளவு தூரம் தெரிகிறது என்று பார்த்துவிட்டு உள்ளே போய்ப் புத்தகத்தில் எழுதுவாள். வருகிற விமானத்துக்கு அதை வாசிப்பாள். இறங்குவதா வேண்டாமா என்பதை அதை வைத்துத்தான் விமானி முடிவு செய்வார்.

ரேடியோ அறைச் சுவரில் பெரிய வரைபடம் ஒன்று இருந்தது. எங்கள் ஊர் மேல் ஓர் ஆணி அடித்து, அதில் தூரம் குறித்த நூல் ஒன்றைக் கட்டியிருந்தார்கள். நூலை எந்த ஊர் பக்கம் இழுத்தாலும் தூரம் தெரியும். உலாயுவுக்கு நூல் தேவையில்லை, எல்லா ஊரும் மனப்பாடம். இருந்தும் வேலை இல்லாத நேரத்தில் அவள் கை அந்த நூலைத் தெற்குப் பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். நீரிணையைத் தாண்டி அக்கரையில் இருக்கும் இவுஜிவிக் வரை. இருநூற்றுப் பதின்மூன்று கிலோமீட்டர். வரைபடத்தில் அந்த இடம் மட்டும் விரல் பட்டுப் பட்டு அழுக்கேறிக் கிடந்தது.

இவுஜிவிக்கில் அவள் தங்கை சியாசி இருந்தாள்.

1959 ஆகஸ்டில் நடந்தது அது. உலாயுவின் அத்தை, அதாவது அப்பாவுடைய அக்கா, அக்கரையில் வாழ்க்கைப்பட்டவள். மூன்று பிள்ளை பெற்று மூன்றும் தங்கவில்லை. அடுத்துப் பிறக்கிற பெண் குழந்தை உனக்குத்தான் என்று அகாவாக் அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். எங்களில் இது வழக்கம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. சியாசிக்கு இரண்டு வயது ஆனதும் பாயும் மோட்டாரும் உள்ள மரப்படகில் குடும்பத்தோடு கிளம்பினார்கள். இரண்டு நாள் கடல். எட்டு வயது உலாயுதான் தங்கையை அங்கியின் முதுகுப் பைக்குள் வைத்துச் சுமந்துகொண்டு போனாள். அலை அடிக்கும்போதெல்லாம் அந்தக் குழந்தை பின்னாலிருந்து இவள் காதைப் பிடித்துக்கொள்ளுமாம்.

"போறப்ப முதுகு கனமா இருந்துச்சு. வர்றப்ப குளிர்ந்துச்சு" என்று ஒரு தடவை சொன்னாள். அதற்கு மேல் அந்தப் பயணத்தைப் பற்றி அவள் பேசி நான் கேட்டதில்லை.

வருஷா வருஷம் போகலாம் என்று அவள் அப்பா சொல்லியிருந்தார். அடுத்த கோடையில் பனிக்கட்டி விலகவே இல்லை. அதற்கடுத்த வருஷம் மோட்டார் கெட்டுப்போனது. 1964இல் அவரே இல்லை. பிறகு எல்லோரும் ஊருக்குள் வீடு கட்டிக்கொண்டு குடியேறினோம். பெரிய படகுகள் கரையில் கிடந்து மக்கின. விமானம் வந்தது. ஆனால் விமானம் எந்தப் பக்கம் பறந்தது? நோயாளியும் தபாலும் மளிகையும் எங்கே போக வேண்டுமோ அந்தப் பக்கம்தான். எங்கள் அரசாங்கம் வேறு, அக்கரை அரசாங்கம் வேறு. எங்கள் நோயாளிகள் ஒட்டாவாவுக்குப் போவார்கள், அவர்களுடையவர்கள் மாண்ட்ரியலுக்கு. இரண்டு ஊரிலும் விமானம் தினமும் தெற்கே பார்த்துக் கிளம்பியது. நீரிணையைக் குறுக்கே கடக்க மட்டும் ஒன்றும் இல்லை.

போய்த்தான் ஆக வேண்டும் என்றால் வழி இதுதான்: கிழக்கே இக்காலுயிட், அங்கிருந்து தெற்கே ஒட்டாவா, பக்கத்தில் மாண்ட்ரியல், அங்கிருந்து திரும்ப வடக்கே இன்னும் இரண்டு விமானம். நாலாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர். வானம் ஒத்துழைத்தால் மூன்று நாள், இல்லாவிட்டால் பத்து நாள். ஆகிற செலவுக்கு ஒரு புது ஸ்னோமொபைல் வாங்கிவிடலாம். ஒரு தடவை உலாயு டிக்கெட் விசாரிக்கத் தெற்கே போன் செய்தாள். அந்தப் பக்கம் இருந்த பெண் வெகுநேரம் கணினியில் தட்டித் தட்டிப் பார்த்திருக்கிறாள்.

"மேடம், எங்கேயோ தப்பு இருக்கு. மேப்புல ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல இருக்கே."

"தப்பு இல்ல. பக்கத்துலதான் இருக்கு."

"அப்புறம் ஏன் இப்படிக் காட்டுது?"

"அதத்தான் நானும் இருபது வருஷமா கேட்டுட்டு இருக்கேன்" என்று சொல்லி உலாயு போனை வைத்துவிட்டாள்.

அக்காவும் தங்கையும் தினமும் போனில் பேசிக்கொள்வார்கள். அதற்கு முன்னால் வேட்டைக்காரர்களின் ரேடியோவில், ஊரே கேட்க, கத்திக் கத்திப் பேசினார்கள். கல்யாணம், பிள்ளைப்பேறு, சாவு எல்லாம் அப்படித்தான் தெரிந்தது. உலாயுவின் புருஷன் பனி உடைந்து கடலில் போனபோது சியாசி ஆறு மணிநேரம் ரேடியோவை அணைக்கவில்லையாம். பேச்சே இல்லை, அக்கரையில் ஓர் ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் போதும் என்று. இப்படி ஐம்பது வருஷம். முகம் மட்டும் புகைப்படத்தில்.

2009 ஆகஸ்டில் எங்கள் ஊரில் தேவாலயச் சபைக் கூடுகை வைத்தார்கள். நீரிணைக்கு இரண்டு பக்கத்து ஊர்களும் சேர்ந்து நடத்துவது. அக்கரை சபை ஒரு சிறு விமானத்தை வாடகைக்குப் பிடித்தது. பதினான்கு பேர். இவுஜிவிக்கிலிருந்து நேராகக் கிங்கைட்டுக்கு. ஐம்பது நிமிஷம். பட்டியலில் நாலாவது பெயர் சியாசி.

உலாயுவுக்கு அந்த மாதம் முழுவதும் கால் தரையில் பாவவில்லை. புதிதாக ஓர் அங்கி தைத்தாள். மீன் காயப்போட்டாள். தங்கைக்குத் தின்னப் பிடிக்கும் என்று திமிங்கலத் தோல் கேட்டு வீடு வீடாகப் போனாள். அன்று விடுப்பு எடுத்துக்கொண்டு ஓடுபாதை ஓரம் நிற்கலாமே என்று சொன்னேன்.

"ரேடியோ பார்க்கிற இன்னொரு ஆளு வேட்டைக்குப் போயிருக்கான். இருந்திருந்தாலும் விடமாட்டேன் அப்பா. அவளை நானே கூப்பிட்டு இறக்கணும்" என்றாள்.

காலையில் வானம் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. ஒரு மணிக்கு விமானம் அங்கே கிளம்பிவிட்டது என்று தகவல் வந்தது. ஒன்றரைக்கு நான் கடல் பக்கம் பார்த்தேன். தண்ணீர் மேல் வெள்ளையாக ஒரு கோடு. அது வளர்ந்துகொண்டே வந்தது. கால்மணி நேரத்தில் படகுகளை விழுங்கியது, பிறகு கடையை, பிறகு தேவாலயத்தை. ஓடுபாதை ஓரம் காத்திருந்த எழுபது எண்பது பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

தூரம் பார்க்க அவளிடம் அடையாளங்கள் உண்டு. எண்ணெய்த் தொட்டிகள் கால் மைல். அதற்கு அப்பால் கல்லறைத் தோட்டத்துச் சிலுவைகள் அரை மைல். அரை மைல் தெரிந்தால் விமானி இறங்கிப் பார்க்கலாம். கால் மைல் என்றால் முயற்சி செய்யவே கூடாது. எங்கள் ஓடுபாதைக்குப் பக்கத்தில் மலை இருக்கிறது.

இருவரும் வாசலில் நின்றோம். தொட்டிகள் மங்கலாகத் தெரிந்தன. அதற்கு அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை.

நான் சொன்னேன். இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் சொன்னேன். "மகளே, சிலுவை தெரியிற மாதிரி இருக்கு."

அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தெரியிற மாதிரின்னு எழுத என் புத்தகத்துல கட்டம் இல்லப்பா" என்றாள்.

அப்போதுதான் சத்தம் கேட்டது. நேராகத் தலைக்கு மேல். கூட்டம் முழுக்க அண்ணாந்து பார்த்தது. பார்ப்பதற்கு வெள்ளையைத் தவிர எதுவும் இல்லை. விமானம் வட்டமடித்தது. சத்தம் போகும், வரும், போகும், வரும்.

உலாயு உள்ளே போய் உட்கார்ந்தாள். காற்று, மேகம் நூறு அடி, தெரிவது கால் மைல் என்று வாசித்தாள். குரல் எப்போதும்போலத்தான் இருந்தது. விமானி, "எங்கேயாவது திறக்குதா?" என்று கேட்டார். "திறக்கல" என்றாள். இருபது நிமிஷம் காத்திருக்க எண்ணெய் இருக்கிறது என்றார் அவர். அந்த இருபது நிமிஷத்தில் அவள் ஐந்து முறை வெளியே போய்ப் பார்த்தாள். ஐந்து முறையும் உள்ளே வந்து கால் மைல் என்றே சொன்னாள்.

கடைசியில் விமானி, "நாங்க திரும்பறோம்" என்றார். கொஞ்சம் தயங்கிவிட்டு, "இங்க ஒருத்தங்க உங்ககிட்டப் பேசணும்னு அழறாங்க. ஒரு நிமிஷம் குடுக்கறேன்" என்றார்.

கரகரப்புக்கு நடுவில் ஒரு குரல் வந்தது. "அக்கா, நீதானா?"

"நான்தான்."

"எல்லாம் வெள்ளையா இருக்கு. உன் ஊரு எங்க இருக்கு?"

"உனக்கு நேர் கீழ."

"எங்க சத்தம் உனக்குக் கேக்குதா?"

"நல்லா கேக்குது."

"அப்ப இறங்கச் சொல்லேன். நீ சொன்னா இவர் கேப்பார்ல?"

உலாயு மைக்கை அழுத்தினாள், விட்டாள், மறுபடி அழுத்தினாள். "முடியாதும்மா. தெரியல."

 பிறகு விமானியின் குரல் வந்து வணக்கம் சொன்னது. சத்தம் தெற்கே போய்த் தேய்ந்தது. உலாயு கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை எழுதினாள். அந்த எழுத்து கொஞ்சம்கூடக் கோணவில்லை, நான் பார்த்தேன். எழுதி முடித்துப் பேனாவை மூடிவிட்டுத்தான் முகத்தைக் கையில் புதைத்தாள்.

ஐம்பது நிமிஷம் கழித்து மூடுபனி விலகியது. மறுபடி அதே துடைத்த வானம். விமானத்துக்கு அதற்குள் வேறு வேலை இருந்தது, அது திரும்பி வரவில்லை.

ஊர் சும்மா இருக்குமா? அன்று சாயங்காலம் ஊர் ரேடியோவில் ஒவ்வொருவராக போன் செய்து பேசினார்கள். பாவ்லுசி என்று ஒரு கிழவன், அவன் மச்சானும் அந்த விமானத்தில் வருவதாக இருந்தது. "உலாயுவுக்கு வயசாயிடுச்சு, கண்ணு தெரியல. கூடப் பொறந்தவளையே திருப்பி அனுப்பிட்டா, நம்ம ஆளுங்களுக்கு என்ன கவலைப்படப் போறா?" என்றான். மறுநாள் கடையில் எல்லோர் முன்னாலும் அதையே திரும்பச் சொன்னான்.

உலாயு டீத்தூள் எடுத்துக்கொண்டிருந்தாள். "பாவ்லுசி, அந்த விமானம் மலையில மோதியிருந்தா உன் மச்சானைப் பொறுக்கி எடுத்துட்டு வர இந்த அகாவாக் வண்டியைத்தான் அனுப்பணும். அகாவாக்கைக் கேளு, அவருக்குச் சம்மதமான்னு" என்றாள். பாவ்லுசி என்னைப் பார்த்தான். நான் ரொட்டி அலமாரியைப் பார்த்தேன்.

சியாசி நாலு மாதம் போன் எடுக்கவில்லை. அவள் புருஷன் லுக்காசிதான் எடுப்பான். "வெளிய போயிருக்கா", "தூங்கறா" என்பான். உலாயு தினமும் செய்வாள். "சரி, நாளைக்குப் பேசறேன்னு சொல்லுங்க மாப்பிள்ளை" என்பாள். டிசம்பரில் ஒருநாள் சியாசியே கூப்பிட்டாள். வயிற்றில் ஒரு கட்டி, ஜனவரியில் மாண்ட்ரியலில் அறுவை சிகிச்சை என்றாள். மற்றதைப் பேசவே இல்லை.

அடுத்த நாள் உலாயு மருத்துவ நிலையத்துக்குப் போய் முழங்கால் வலிக்கிறது என்று படுத்துக்கொண்டாள். பத்து வருஷமாக அந்தக் காலை இழுத்து இழுத்து நடந்தவள், ஒட்டாவாவுக்கு அனுப்புகிறோம் என்று நர்ஸ் கெஞ்சியும் மறுத்தவள். நான் கேட்டேன், "மகளே, நெஜமாவே வலிக்குதா?"

"பத்து வருஷமா வலிக்குது. இப்பத்தான் சொல்றேன். அது பொய்யா?"

ஜனவரியில் ஒட்டாவா, அரசாங்கச் செலவு, துணைக்கு ஓர் ஆள் போகலாம் என்றார்கள். என்னைக் கூட்டிக்கொண்டாள். படிவத்தில் உறவு என்ற இடத்தில் 'அப்பா' என்று எழுதிவிட்டாள். ஒட்டாவாவில் அதை வாசித்த பெண் என் நரைக்காத தலையைப் பார்த்து, அவள் நரைத்த தலையைப் பார்த்து, முத்திரை குத்தினாள்.

முழங்காலைப் படம் பிடித்தார்கள். டாக்டரைப் பார்க்க இன்னும் நாலு நாள் இருந்தது. அன்று மத்தியானமே பேருந்து நிலையத்துக்குப் போனோம். மாண்ட்ரியலுக்கு மணிக்கு ஒரு பேருந்து. ஏறும்போது உலாயு ஓட்டுநரிடம் எவ்வளவு தூரம் என்று கேட்டாள். தொழில் பழக்கம்.

"இருநூறு கிலோமீட்டர். ரெண்டரை மணி நேரத்துல இறக்கிவிட்டுடுவேன்."

அவள் படியிலேயே நின்றுவிட்டாள். பின்னால் இருந்தவர்கள் இடித்தார்கள். நான் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனேன். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வெகுநேரம் மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள். எங்களுக்கு அவ்வளவு மரம் பார்த்துப் பழக்கமில்லை. பேருந்தில் பாதி இருக்கை காலி. ஒரு பையன் காலை நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தான்.

"மணிக்கு ஒண்ணு" என்றாள் என்னிடம். "காலியாவே போகுது பாரு."

வடக்கிலிருந்து வரும் நோயாளிகள் தங்கும் விடுதி ஒரு பெரிய சாலை ஓரம் இருந்தது. கூடத்தில் டிவி ஓடியது. பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். யார் என்று எனக்குத் தெரியவில்லை. உலாயுவுக்கும் தெரியவில்லை. அவளுடைய கண் ஒவ்வொரு முகமாகப் போனது. மூலையில் மெலிந்துபோன ஒரு பெண் கால்மேல் போர்வையோடு இருந்தாள். அவள்தான் முதலில் சிரித்தாள்.

"போட்டோவுல உயரமா தெரிஞ்ச. இவ்ளோ குள்ளமா நீ?"

உலாயு பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். தங்கையின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் அழவில்லை. நான்தான் காப்பி வாங்கிவருகிறேன் என்று வெளியே போய்விட்டேன்.

மூன்று நாள் இருந்தோம். உலாயு பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த உறைந்த மீனைத் தரையில் அட்டை விரித்து வெட்டித் தின்றோம். விடுதியில் இருந்த மற்றவர்களும் கத்தியோடு வந்து உட்கார்ந்தார்கள். அக்கா பேசுவதைக் கேட்டுத் தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். எங்கள் பக்கத்துப் பேச்சு அவர்களுக்குக் கொஞ்சம் இழுவை. "டீ குடிக்கிறியான்னு நீ கேக்கறதுக்குள்ள டீ ஆறிடும்" என்றாள். வயிற்றுத் தையல் வலிக்க வலிக்கச் சிரித்தாள்.

கடைசி நாள் கிளம்பும்போதுதான் அந்தப் பேச்சு வந்தது. சியாசி போர்வை நுனியைச் சுருட்டிக்கொண்டே கேட்டாள். "அன்னைக்கு நெஜமாவே தெரியலயா?"

"தெரியல."

"கொஞ்சங்கூட?"

"தொட்டி தெரிஞ்சுது. சிலுவை தெரியல."

சியாசி போர்வை நுனியை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். "விமானத்துல பக்கத்து சீட்டுல ஒரு கைக்குழந்தைக்காரி இருந்தா. இறங்கலன்னதும் நான் உன்னைத் திட்டினேன். அவ சொன்னா, உங்க அக்காவுக்கு நான் நன்றி சொன்னேன்னு சொல்லுங்கன்னு. நாலு மாசமா அதை உன்கிட்டச் சொல்லாம வெச்சிருந்தேன். அவ்ளோ கோவம்."

"இப்பப் போச்சா?"

"பாதி."

உலாயு அடுத்த வருஷம் ஓய்வு பெற்றாள். விமான நிறுவனம் ஒரு விருந்து வைத்து, தாங்கள் பறக்கும் எந்த ஊருக்கும் போய்வர ஒரு டிக்கெட் பரிசளித்தது. இவுஜிவிக்குக்கு அவர்கள் பறப்பதில்லை. ஒட்டாவா என்று எழுதச் சொன்னாள். மீதி வழிக்குத் தன் பணம். சியாசிக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மாண்ட்ரியல் போக வேண்டியிருந்தது, அக்கரை அரசாங்கம்தான் அழைத்துப் போகும், அவளால் இங்கே வர முடியாது. அதனால் இவள் போவதென்று முடிவு. உலாயுவின் மகன் மத்தியூசிக்கு அது பிடிக்கவில்லை.

"எவ்ளோ நாளுக்கும்மா?"

"போய்ப் பார்த்துட்டுச் சொல்றேன்."

"உன் பேரப்பசங்க?"

"உனக்கு நாப்பது வருஷம் நான் இருந்தேன் கண்ணு. அவளுக்கு இருந்தது ரெண்டு வருஷம்" என்றாள். மத்தியூசி எழுந்து வெளியே போய் வண்டியைத் தேவையில்லாமல் கிளப்பிக்கொண்டு நின்றான்.

2011 ஜூனில் இரண்டு அட்டைப்பெட்டியோடு கிளம்பினாள். மோசமான வானிலையால் வழியில் நான்கு நாள் மாட்டி, எட்டாவது நாள் போய்ச் சேர்ந்தாள். இன்னும் அங்கேதான் இருக்கிறாள். சியாசி மெலிந்தாலும் இருக்கிறாள். இருவரும் ஒரே வீடு. கோடையில் கடற்பறவை முட்டை எடுக்கப் போகிறார்கள், சண்டை போடுகிறார்கள், லுக்காசி என்னிடம் போனில் புலம்புகிறான்.

ஆனால் உலாயு தினமும் இங்கே போன் செய்கிறாள். முன்பு அங்கே செய்தவள். மத்தியூசியின் கடைக்குட்டிக்குப் பாட்டியின் முகம் தெரியாது, குரல்தான் தெரியும். அவன் முதல் பறவையைச் சுட்டுக்கொண்டு வந்தபோது எல்லோரும் தின்றோம். இவள் போனில், "கொழுப்பு இருந்துச்சா? யாருக்கு நெஞ்சுக்கறி குடுத்தான்?" என்று கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். தனக்கென்று எடுத்துவைக்கச் சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டது எனக்குக் கேட்டது.

மத்தியூசி இரண்டு எஞ்சின் வைத்த படகு ஒன்று வாங்கியிருக்கிறான். போன ஆகஸ்டில் யாரிடமும் சொல்லாமல் கிளம்பிவிட்டான். நீரிணை நடுவிலுள்ள தீவு வரை போனான். அங்கே காற்று மாறி அலை எழும்பியது. இரண்டு இரவு கூடாரத்தில் கிடந்துவிட்டுத் திரும்பி வந்தான். அன்று உலாயு கூப்பிட்டபோது நான்தான் சொன்னேன்.

திட்டுவாள் என்று நினைத்தேன். 

"தீவு வரைக்கும் வந்தானா?"

"வந்தான்."

"அது நூறு கிலோமீட்டர் இருக்கும்ப்பா" என்றாள். "பாதி வந்துட்டான்ல?"

"பாதி வந்துட்டான்."

"சரி" என்றாள். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு, "இப்ப அங்க காத்து எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். நான் போனோடு வாசலுக்குப் போய்ப் பார்த்துச் சொன்னேன்.